பன்னிரண்டாவது பை

“கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுதும்மா. பொய்க்காரின்னு நானே எழுதிக் குடுக்கணும்.”

மரக்காணம் உப்பள வரப்பில் உட்கார்ந்து நிவேதா தேம்பித் தேம்பி அழுதாள். கையில், தன் ஆய்வு முடிவு பொய்யென்று ஒப்புக்கொள்ளும் கடிதம். உப்பு வாரிக்கொண்டிருந்த அமராவதி, பலகையைப் போட்டுவிட்டு மகளிடம் ஓடிவந்தாள்.

“அப்படி இன்னாடி பண்ணிட்ட?”

நிவேதா புதுச்சேரியில் கரி ஆராய்ச்சி செய்கிறாள். சவுக்குத் தூளோடு உப்பைக் கலந்து உலையில் சுட்டு, பிறகு உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஹைட்ரஜன் வாயுவை அதில் அடைத்து வைத்தால் வண்டியே ஓட்டலாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருநாள் அவளே அம்பாரத்தின் அடியிலிருந்து ஒரு பை உப்பை வாரிக்கொண்டு ஓடினாள். அந்தக் கரி, யாரும் நம்பாத அளவுக்கு வாயுவைப் பிடித்து வைத்தது. அப்புறம் அம்மா கட்டிக் கொடுத்த பத்துப் பை உப்பையும் கலந்து சுட்டாயிற்று, ஒன்றும் தேறவில்லை.

“அதே சவுக்கு, அதே உலை, நம்ம பாத்தி உப்பேதான். எதுவுமே மாறலம்மா! மொத ரிசல்ட்ட நீயே இட்டுக்கட்டிட்டியான்னு எங்க கைடு ஜெயசீலன் சார் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு.”

“நீ பொய் சொல்லலன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“யாரு நம்புவாங்க? எனக்கே சந்தேகமா இருக்குது. திங்கக்கிழம இத குடுக்கலன்னா வெளிய அனுப்பிடுவாங்க. அஞ்சு வருஷம் போச்சு.”

அமராவதிக்குப் பாதி புரியவில்லை. மகள் பொய் சொல்கிறவள் இல்லை என்பது மட்டும் தெரியும். கொட்டகைக்குள் போய், கட்டி வைத்திருந்த பன்னிரண்டாவது பையைத் தூக்கிவந்து மகள் மடியில் வைத்தாள். உப்பு பால் வெள்ளையாகப் பளபளத்தது.

“அழுவாத. கடைசியா ஒருவாட்டி சுட்டுப் பாரு. இத கரையாம, கெட்டி உப்புத்தண்ணியிலயே மூணு தரம் கழுவியிருக்கேன்.”

நிவேதாவுக்கு அழுகை சட்டென்று நின்றது.

“கழுவினியா?”

“பின்ன? உங்க சாருங்க பாக்குற உப்பாச்சே, சேத்தோட குடுத்தா நம்மள இன்னா நெனப்பாங்க? நீ வாரினு ஓடுன மொத பைதான்டி கழுவாம போயிடுச்சு!”