ஈரக்காற்று

ஐந்து நாள் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக்கரை வாழைத்தோப்பில் இலைகள் இன்னும் சொட்டுகின்றன. நான்கு தேன்பெட்டிகளில் மூன்றில் ஈக்களெல்லாம் செத்துக் கிடக்கின்றன. நான்காவதின் மூடியைப் பவுனம்மாள் திறக்கிறாள். உள்பக்கம் முத்துமுத்தாய் நீர் கோத்திருக்கிறது. ஓரத்து அடையில் வெள்ளைப் பூஞ்சை. துணியால் ஒற்றி எடுக்கிறாள். "விட்டுடு பவுனு, இதுவும் போயிடும்," என்கிறார் வரப்பில் உட்கார்ந்திருக்கும் கணவர் ரெங்கராஜ். "குளிருமேன்னு நான்தாங்க சாக்கைப் போட்டு இறுக்கி மூடுனேன். ஈரக்காத்து வெளிய போக வழியில்லாம பண்ணிட்டேன்." நீர் வடிய, பெட்டியை அதன் வாசல் பக்கம் சற்றுச் சாய்க்கிறாள். சாக்கில்லாமல் மூடியைத் திரும்ப வைத்து, அடியில் குச்சி செருகி இடைவெளி விடுகிறாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏழெட்டு ஈக்கள் வாசலுக்கு வந்து, நின்ற இடத்திலேயே சிறகடிக்கின்றன. மூடி இடுக்கில் விரல் வைக்கிறாள். உள்ளிருந்து வெதுவெதுப்பாய் ஈரக்காற்று வந்து படுகிறது. "இங்க வந்து கைய வச்சுப் பாருங்க." முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் மெல்ல எழுந்து வருகிறார்.