மூணு தலைமுறை ரத்தம்

"எம்பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துட்டியேடி!" திண்டிவனத்துத் தெருவே வேடிக்கை பார்க்க, எதிர்வீட்டு வெள்ளையம்மாளைப் பூங்காவனம் பிடித்துக்கொண்டாள். "அவ லீவுல பரம்பரை நோயக் கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்கக் கத்துக்கப் போறா, தாலி கட்றதுக்கு முன்னால மாப்ள வூட்ல மூணு தலைமுறைக்கும் ரத்த டெஸ்ட் கேப்பான்னு சொன்னியாமே? மாப்ள வூட்டு வானூர்க்காரங்க சம்பந்தமே வேணாம்னுட்டாங்க!"

"சொன்னேன். அதுக்கின்னா?"

"கைநாட்டு மூஞ்சிக்கு ஜீனு, டேட்டான்னு பேச்சு வேற!"

"அதான் நானும் கேக்கறேன். கைநாட்டுக்கு இதெல்லாம் எப்டிடி தெரியும்? வைகாசியில கல்யாணம் வெச்சா ஆராய்ச்சி ட்ரெயினிங் போய்டும்னு, ஒம்பொண்ணு அன்புச்செல்விதான் நாலு நாளா என்னை மனப்பாடம் பண்ண வெச்சா!"

பூங்காவனம் வீட்டுக்குள் ஓடிப் பார்த்தபோது, மகள் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டிருந்தாள்.

அன்புச்செல்வி இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். வானூர் மாப்பிள்ளைக்கு, அவளுக்குக் குறித்திருந்த அதே முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில், வெள்ளையம்மாள் தன் மகளைக் கட்டிவைத்தாள். மேளக்காரரைக்கூட மாற்றவில்லை.