நீக்கச் சொன்ன வரி

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாம்மா. மீதியெல்லாம் அற்புதம்!"

மாவட்ட அலுவலக எழுத்தர் கூ சாங்-மோ காகிதத்தைத் தட்டினார். தலைவர் இறந்து நாடே கறுப்பு ரிப்பன் குத்தியிருந்த வாரம். நாக்டோங் ஆற்றுப் படகுத்துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த இரங்கற்பாவைப் படித்துவிட்டு, எழுதிய யோன்-சிலின் வீட்டுக்கே வந்துவிட்டார் மனிதர்.

"எந்த வரி சார்?"

"'மழை நாளில் இடது முழங்காலைப் பிடித்து முனகியவனே'ன்னு ஒண்ணு. தலைவரைப் போய் முனக விடலாமா? என் வேலை போயிடும்!"

"அந்த வரி இல்லேன்னா பாட்டே வேணாம். காகிதத்தைக் குடுங்க."

எழுத்தருக்கு வியர்த்தது. விடிந்தால் இரங்கல் கூட்டம். வேறு பாட்டுக்கு எங்கே போவது?

"கோவிச்சுக்காதீங்க. உங்க பாட்டுல நாடுதான் படகு, தலைவர்தான் படகோட்டி. அப்போ முழங்கால் வலின்னா நமக்காகப் பட்ட கஷ்டம். உருவகம்! கேட்டா அப்படிச் சொல்லிக்கறேன். அடடா, வெள்ளைத் துக்க உடுப்பு வேற போட்டிருக்கீங்க. என்ன விசுவாசம்!"

அவள் பார்லித் தண்ணீரை ஊற்றி வைத்தாள். அந்த வாசலில் வேற்றுச் செருப்பைப் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று. குடித்ததும் எழுந்து போய்விடுவாரே என்று அவளுக்கு அழுகை வந்தது.

"கூட்டத்துக்கு ஜனங்க வருவாங்களா சார்?"

"நல்லா கேட்டீங்க! பள்ளிக்கூட மைதானமே கொள்ளாது. உங்க ஊரு மொத்தமும் அங்கதான் இருக்கும்."

"எல்லாரும் வணங்குவாங்களா?"

"வணங்காம?"

"அப்போ படிக்கிறேன்."

மறுநாள் ஒரு வரி விடாமல் படித்தாள். முழங்கால் வந்த இடத்தில் முன்வரிசையே தேம்பியது. படித்து முடித்ததும், மேடையில் இருந்த தலைவர் படத்தை நோக்கி மைதானம் முழுவதும் நெற்றி தரையில் படக் குனிந்தது. அவளோ படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, படம் பின்னால இருக்கும்மா! திரும்புங்க!" எழுத்தர் பல்லைக் கடித்தார்.

அவள் திரும்பவில்லை. மண்டியிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தாள். துக்கத்துக்கு வந்து வணங்குகிறவர்களுக்குச் சாவு வீட்டார்தானே பதில் வணக்கம் செய்யவேண்டும்? தலைவர் போன அதே நாளில் போய்ச் சேர்ந்த அவள் புருஷனை, அந்த ஊரையே அக்கரை சேர்த்த படகோட்டியை, வணங்க அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை.