இப்ப தெறக்க வேணாம் சார்

“இப்ப தெறக்க வேணாம் சார். இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்.”

பூட்டிக் கிடந்த தோல் தொழிற்சாலையின் கேட்டை மறித்து நின்று கெஞ்சினார் வாட்ச்மேன் பாய். அமலாக்கத் துறை அதிகாரி பரணிதரனுக்கு எரிச்சல். சென்னையிலிருந்து ஆம்பூர் வரை வெயிலில் வந்தவர். சீல் வைத்த கேட்டைத் திறக்கச் சொல்லி அழுதவர்களை அவர் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறார். திறக்காதே என்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

“என்ன பாய் பேசறீங்க? ஹவாலா பண்ணது பார்ட்னர்தான், ஓனருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. சாவிய அவர்கிட்ட குடுத்தாகணும்.”

“ஆறு வருஷம் கழிச்சா? உள்ள இன்னா சார் இருக்குது? டிரம்ல ஊறப்போட்ட தோலு அப்டியே அழுகிப்போச்சு. மெஷினெல்லாம் துரு. ஒரு வாரம் டைம் குடுங்க, தோலையாவது எடுத்துக்கறேன்னு அன்னிக்கு அந்த மனுசன் எவ்ளோ கெஞ்சனாரு! யாரு கேட்டீங்க?”

“அப்ப நான் இந்த ஆபீஸ்லயே இல்ல பாய். இப்பதான் மாத்தலாகி வந்தேன். சரி, உங்களுக்கு என்ன பிரச்சினை?”

“தெறந்தா எனக்கு வேல போய்டும் சார். உங்க ஆபீஸு ஏஜென்சி மூலமா போட்ட இந்த காவல் வேலைலதான் இ.எஸ்.ஐ. கார்டு கெடச்சுது. அதுலதான் என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ் ஓடுது. அவ தங்கச்சி கிட்னி குடுக்கறா, ரெண்டு மாசத்துல ஆபரேசன். வேல இல்லன்னா ஆபரேசனுக்கு லெட்டர் குடுக்கமாட்டான் சார். அவள நான் எங்க கூட்டினு போவேன்?”

பாய் அழுதேவிட்டார். பரணிதரனுக்கு மனசு கேட்கவில்லை.

“அழாதீங்க பாய். ஓனர்கிட்டயே உங்களுக்கு ஒரு வேலைக்குச் சொல்றேன்.”

“நல்லாச் சொன்னீங்க போங்க. அவரே ஓட்டாண்டி சார். பொண்டாட்டி நகை மொத்தம் வக்கீலுக்கே போய்டுச்சு. அவரு எனக்கு இன்னா குடுப்பாரு?”

“அத அவர் வந்து சொல்லட்டும். இன்னிக்கே கையெழுத்து வாங்கணும்.”

பரணிதரன் ஃபைலைப் பிரித்தார். உரிமையாளர் லியாகத் அலி என்று போட்டு, கீழே ஒரு செல் நம்பர் இருந்தது. அதை அழுத்திக் காதில் வைத்தார்.

பாயின் யூனிஃபார்ம் சட்டைப் பைக்குள் போன் அடித்தது.

பாய் அதை எடுக்கவில்லை. பையின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்:

“ஓனரு ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன்றாரு சார்.”