தனி அக்கவுண்ட்

“இன்னைக்கும் முடியாதுன்னா என்ன சார் அர்த்தம்?”

அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அவள், மேனேஜரின் மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

“நான் வந்து என் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி உட்கார்ந்தாத்தான் டேட்டா பேக்கப் ஓடுது. காய்ச்சல்னாலும் வரணும். தங்கச்சி கல்யாணத்துல பாதியில ஓடி வந்தேன். பேக்கப்புக்குன்னு தனி அக்கவுண்ட் போட்டு பர்மிஷன் கொடுத்தா, அது பாட்டுக்குத் தானா ஓடும்!”

“அது பாதுகாப்பில்லம்மா. அப்புறம் பார்க்கலாம்.”

“வருஷக்கணக்கா இதே பாட்டு! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார்ங்கிற கதைதான். நான் சாமிகிட்டயே போறேன்!”

“வேண்டாம்மா, சொன்னா கேளுங்க” என்று அவர் பதறி எழுந்தார். அவள் நிற்கவில்லை.

முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே அனுமதியும் கொடுத்துவிட்டார்.

பேக்கப் பிசகில்லாமல் தானாக ஓடியது. வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கொதித்துப்போய் மேனேஜரின் அறைக்குள் பாய்ந்தாள். “உங்களைத் தாண்டிப் போனேன்னு பழி வாங்கிட்டீங்கல்ல?”

முதல்முறையாக அவர் குரலும் உயர்ந்தது.

“நானாம்மா? பேக்கப் தானா ஓட ஆரம்பிச்சதும் உங்களை அனுப்பிடணும்னு முதலாளி எப்பவோ சொல்லிட்டார். வெளியே சொன்னா என் வேலையும் போயிடும். அதனாலதான், உங்ககிட்ட திட்டு வாங்கிக்கிட்டே அந்தப் பர்மிஷனைக் கொடுக்காம இருந்தேன்!”