பதினாலு புகார்

"உங்க மேல பதினாலு புகார் வந்திருக்கு. உங்க குழுவில மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"பதினாலுதான் மேடம்."

"அப்போ ஒருத்தர்கூட பாக்கியில்ல."

தலைமை ஆசிரியரின் அறை. கடிதக் கட்டை மேஜையில் வைத்தவர், கிராமப் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளை அனுப்பும் தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர். எதிரே நின்றவள், டவுனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சம்பளமில்லாமல் சொல்லித் தருகிறாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் தலைமை ஆசிரியர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "ஓசியில வர்றவங்களுக்கு என்ன அக்கறை இருக்கும்? வந்தோமா, நாலு போட்டோ எடுத்தோமா, போனோமான்னு..."

"நான் போட்டோ எடுத்ததில்ல சார்."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. இந்தம்மா வந்ததுலேர்ந்து பிள்ளைங்க எதுக்கெடுத்தாலும் ஏன், எதுக்குன்னு கேட்குதுங்க மேடம்."

ஒருங்கிணைப்பாளர் முதல் கடிதத்தைப் பிரித்தார். "'பத்து நிமிடம் தாமதமாக வருகிறார்.' உண்மையா?"

"உண்மை. ரெண்டாவது பஸ் நான் சொன்னா கேட்கிறதில்ல."

"'வேகமாகப் பேசுகிறார். புரியவில்லை என்றால், அதையே இன்னும் வேகமாகச் சொல்கிறார்.'"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் உண்மை."

"'ஒருநாள் பாடம் நடத்தும்போதே கொட்டாவி விட்டார். எங்களுக்கும் வந்துவிட்டது.'"

"நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்தேன். ஆனா விட்டது விட்டதுதான்."

"'கடைசி வரிசையில் இருப்பவர்களின் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது.'"

சிரிப்பு நின்றது. "யார் எழுதினது?" என்றவள், உடனே தலையை ஆட்டினாள். "வேணாம், சொல்லாதீங்க. உண்மைதான்."

ஒருங்கிணைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்கம்மா. அஞ்சு புகாருக்கு மேல வந்தா ஆளை எடுத்துடணும்னு எங்க விதி. ஆனா ரெண்டு வருஷமா ஒரு சனிக்கிழமைகூட நீங்க மட்டம் போட்டதில்ல. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, போதும். மேல நான் பேசிக்கிறேன்."

"மன்னிப்பைப் பிள்ளைங்ககிட்ட கேட்டுக்கிறேன். நீங்க விதிப்படி என்னை எடுத்துடுங்க."

"என்ன பிடிவாதம் இது?"

"பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்காங்க. நாம ரெண்டு பேரும் உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுட்டா, அவங்க எழுதினதுக்கு என்ன மதிப்பு?"

"திமிரைப் பாருங்க!" என்றார் தலைமை ஆசிரியர். "நம்ம பிள்ளைங்க உள்ளதை உள்ளபடி எழுதியிருக்குதுங்க மேடம். அந்தத் தைரியத்தைப் பாராட்டணும்."

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க சார்," என்றாள் அவள்.

ஒருங்கிணைப்பாளர் பெருமூச்சு விட்டு, பட்டியலில் அவள் பெயரை அடித்தார். "அடுத்த வாரம் வேற ஆள் அனுப்பறேன்."

"விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவங்களாப் பார்த்து அனுப்புங்க."

கதவைத் திறந்தாள். வாசலில் பதினாலு பேரும் நின்றார்கள். உள்ளே பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறார்கள். முன்னால் நின்ற ரெட்டைச்சடைக்காரி அழுதேவிட்டாள்.

"நீங்க எழுதச் சொன்னதாலதானே அக்கா எழுதினோம்! உங்களை அனுப்பிடுவாங்கன்னு சொல்லலையே!"

ஒருங்கிணைப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நீங்களே எழுத வச்சீங்களா?"

"பொய்யில்லாம, பேர் போட்டு ஒரு புகார் எழுதுங்கன்னு சொன்னேன் மேடம். யாரைப் பத்தி எழுதவும் பயந்தாங்க. சரி, என்னைப் பத்தியே எழுதுங்கன்னேன்."

"அதுக்காக நிஜமாவே தபால்ல போடணுமா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களை எடுத்திருக்கவே மாட்டேனே!"

"அதனாலதான் சொல்லல. இவங்க வாய் விட்டுக் கேட்டு இதுவரைக்கும் இங்க ஒரு துரும்பு அசைஞ்சதில்ல. எழுதினா ஒரு ஆள் நகரும்னு ஒரு தடவையாவது கண்ணால பார்க்கணும். நகர்த்துறதுக்கு என் கைவசம் இருந்தது நான் ஒருத்திதான் மேடம்."



ரெட்டைச்சடைக்காரி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, தலைமை ஆசிரியரின் மேஜை வரைக்கும் நடந்து வந்து நின்றாள்.

"சார், பொண்ணுங்க கழிப்பறையை ஒரு வருஷமாப் பூட்டியே வச்சிருக்கீங்க. அடுத்த புகார் அதைப் பத்திதான். உங்க முழுப் பேரை எப்படி எழுதணும் சார்?"