காதில் ஒயர்

வார இதழுக்குத் துணுக்கு எழுதுபவர் எப்போதும் தனியாகத்தான் ரயில் ஏறுவார். காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு கேட்கிறார் என்று நம்பி, எதிர் சீட்டுக்காரர்கள் வீட்டு மானத்தை ஏலம் விடுவார்கள். முட்டாள்கள் இருக்கும்வரை தன் பிழைப்புக்குக் குறைவில்லை என்பது அவர் எண்ணம்.

இன்று எதிரில் ஒரு கணவன் மனைவி.

“வாங்கின ஃப்ரிட்ஜ் வாசல்ல நுழைய மாட்டேங்குதே, செவுத்த இடிச்சுடலாமா?”

“எதுக்குங்க தண்டச் செலவு? அது தெருவுலயே இருக்கட்டும். நாம போய் அது பக்கத்துல குடியிருப்போம்.”

“மழை வந்தா?”

“ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து கதவைச் சாத்திக்கலாம்.”

“குளிருமே.”

“உங்க அம்மா பின்னின கம்பளி பின்ன எதுக்கு இருக்கு?”

‘ரெண்டும் தேறாத கேஸ்’ என்று மனசுக்குள் காறித் துப்பியபடி, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார் துணுக்கு எழுத்தாளர். இந்த வாரத்துக்குச் சரக்கு கிடைத்துவிட்டது.

இறங்கும்போது கணவர் அவர் தோளைத் தட்டினார்.

“சார், ஏறினதுலேர்ந்து ஒயரோட மறுமுனை உங்க மடியிலதான் கிடக்கு. போன்ல செருக மறந்துட்டீங்க.”

“ஒட்டுக் கேக்கறவர் ஏமாந்து போகக் கூடாதேன்னுதான் வாய்க்கு வந்ததப் பேசினோம்” என்றார் மனைவி. “நீங்க சிரிப்ப அடக்கப் பட்ட பாட்டப் பாத்து எங்களுக்கு நல்லாப் பொழுது போச்சு.”